பூட்டிய வீட்டுக்குள் நடந்ததை எப்படி எண்ணினார்கள்?

2019-ஆம் ஆண்டில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 3,000-க்குச் சற்றுக் குறைவு. 2020-இல் ஏறத்தாழ 5,300. நடுவில் வந்தவை கொரோனாவும் ஊரடங்கும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததுமே, ஊரடங்கினால் வீடுகளில் அடி உதை அதிகமாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின, நாமும் நம்பினோம். அந்த முடிவு தவறில்லை என்றுதான் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்திருக்கக் கூடாது. ஏன் என்பதிலிருந்து தொடங்கினால்தான் இந்தத் துறையின் ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பது விளங்கும்.

2020 ஏப்ரலில் மகளிர் ஆணையம் புகார் தெரிவிக்க ஒரு வாட்ஸ்அப் எண்ணைத் திறந்தது. அதுவரை எழுதத் தயங்கிய பெண் ஒருத்தி, இரண்டு வரி தட்டி அனுப்பிவிடலாம் என்றானதும் அனுப்பியிருக்கலாம். அவள் 2019-லும் அடி வாங்கியவள்தான். கணக்கில் வந்தது 2020-இல். இதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கலாம். கணவன் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறான், போனும் அவன் கையில் இருக்கிறது என்றால் புகார் எப்படிப் போகும்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைப்பேசி தன்னிடம் உண்டு என்று சொன்ன பெண்கள் இந்தியாவில் 54% பேர் மட்டுமே.

அதே கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் 29% பேர் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்ததாகச் சொல்கிறார்கள். கோடிக்கணக்கான பெண்கள் என்று பொருள். ஆணையத்துக்கு வந்தவை 5,300. வன்முறை என்பதன் அளவு ஒன்று, அது வெளியே தெரிவதன் அளவு வேறொன்று. ஒரு நோய்க்காலம் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறது. புகார் கூடினால் வன்முறை கூடியது என்றோ, குறைந்தால் குறைந்தது என்றோ எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

இதில் பொருளியலாளர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கணவன் மனைவியை அடிப்பதற்கும் விலைவாசிக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, குடும்பத்துக்குள் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பற்றிய ஒரு கோட்பாடு. மற்றது, எதையும் வேறொன்றோடு ஒப்பிடாமல் நம்ப மறுக்கும் பிடிவாதம்.

கோட்பாட்டை முதலில் பார்ப்போம். அடி வாங்கும் பெண் ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்ற கேள்விக்குப் பொருளியல் தரும் விடை கொஞ்சம் வறட்டுத்தனமானது: போக இடம் இல்லை, போனால் பிழைக்க வழி இல்லை. அதைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம். போவதற்கு ஓர் இடமும் பிழைக்க ஒரு வழியும் இருந்தால், அவள் போகாவிட்டாலும் அடி குறைய வேண்டும். ஏனென்றால் அவளால் போக முடியும் என்பது அவனுக்குத் தெரியும். அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்னா ஐசர் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் கலிபோர்னியாவின் தரவுகளை வைத்து இதைச் சோதித்தார். தாக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்களின் பதிவுகளையும், அந்தந்தப் பகுதியில் ஆண், பெண் கூலிக்கு இடையே இருந்த இடைவெளியையும் அவர் சேர்த்துப் பார்த்தார். 1990-க்கும் 2003-க்கும் இடையில் குறைந்த வன்முறையில் சுமார் 9% இந்தக் கூலி இடைவெளி சுருங்கியதால் விளைந்தது என்பது அவர் கணக்கு. 9% சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் வேலைக்குப் போகாத பெண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. வேண்டுமென்றால் வெளியே போய்ச் சம்பாதிக்கலாம் என்ற நிலைமையே அவளுக்கு ஓரளவு காவல்.

எதிர்க்கட்சி வாதமும் உண்டு. மனைவி கையில் காசு புரள ஆரம்பித்தால் சில ஆண்களுக்குத் தாங்காது. இழந்த அதிகாரத்தைக் கைநீட்டி மீட்கப் பார்ப்பார்கள். மெக்சிகோவில் ‘ஒப்போர்த்துனிதாதேஸ்’ என்ற திட்டத்தில் அரசு ஏழைத் தாய்மார்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. பணம் வாங்கிய பெண்கள் மீதான உடல்ரீதியான வன்முறை குறைந்திருந்தது, ஆனால் மிரட்டல் கூடியிருந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. இரண்டு வாதமும் ஒரே வீட்டுக்குள் உண்மையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

வேலையிழப்பு விஷயத்திலும் விடை ஊருக்கு ஊர் மாறுகிறது. பிரிட்டனில் ஆண்களின் வேலையின்மை கூடியபோது வன்முறை குறைந்தது, பெண்களின் வேலையின்மை கூடியபோது வன்முறை ஏறியது என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. வேலை போய்விடுமோ என்று பயப்படும் ஆண் வாலைச் சுருட்டிக்கொள்கிறான், ஏனென்றால் அவனுக்கும் இப்போது மனைவியின் வருமானம் தேவை என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். பிரேசிலில் சோனியா பாலோத்ராவும் சக ஆய்வாளர்களும் பார்த்தபோது, கணவனுக்கு வேலை போனாலும் வன்முறை கூடியது, மனைவிக்கு வேலை போனாலும் கூடியது. வீட்டில் காசில்லாத நெருக்கடி, இருவரும் வீட்டுக்குள்ளேயே கழிக்கும் நேரம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

கொள்ளைநோய் இந்தக் காரணங்களில் எதையும் விட்டுவைப்பதில்லை. வேலை போகிறது, வருமானம் நிற்கிறது, இருவரும் ஒரே அறைக்குள் அடைபடுகிறார்கள், போவதற்கான வழிகள் அடைக்கப்படுகின்றன, கேட்க வரும் ஆட்களும் வருவதில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆம்பர் பீட்டர்மேன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டி, கொள்ளைநோயிலிருந்து வன்முறைக்குச் செல்லும் ஒன்பது தடங்களைப் பட்டியல் போட்டுவிட்டார்கள். பட்டியல் போடுவது சுலபம். இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் கடினம்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே அரசாங்கமே தெரியாமல் ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஒரே மாதிரி முடக்கம். ஏப்ரல் கடைசியில் மத்திய சுகாதாரத் துறை மாவட்டங்களை மூன்றாகப் பிரித்தது: சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319. மே 4 முதல் விதிகளும் நிறத்துக்கு ஏற்ப மாறின. பச்சை மாவட்டத்தில் பாதி இருக்கைகளோடு பேருந்து ஓடலாம். சிவப்பில் பேருந்து கிடையாது, ஆட்டோ கிடையாது, டாக்சி கிடையாது, முடிவெட்டும் கடைகூடத் திறக்கக் கூடாது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சரவணா ரவீந்திரனும், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனிஷா ஷாவும் இந்த நிறப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டார்கள். மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்களை மாவட்டவாரியாகப் பிரித்து, ஊரடங்குக்கு முன்னும் பின்னும், சிவப்பிலும் பச்சையிலும் என்று நாலு பக்கமும் ஒப்பிட்டார்கள். 2020 ஜூலையில் ஆய்வறிக்கையாக வந்தது. பின்னர் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியானது.

இந்த ஒப்பீட்டின் நுட்பம் எளியது. வாட்ஸ்அப் எண் திறந்தது நாடு முழுவதற்கும் பொது. தொலைக்காட்சியில் வந்த விழிப்புணர்வுப் பேச்சும் எல்லா மாவட்டத்துக்கும் பொது. ஆகவே புகார் கூடியதற்கு அவை மட்டுமே காரணம் என்றால் சிவப்பிலும் பச்சையிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கூடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மே மாதத்தில், கடுமையான முடக்கம் இருந்த மாவட்டங்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் மற்ற மாவட்டங்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தன. புள்ளியியலாளர் மொழியில் 0.47 திட்டவிலக்கம். பேச்சுமொழியில் சொன்னால், வழக்கமாக இந்தப் புகார்கள் எவ்வளவு ஏறி இறங்குமோ அந்த ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழப் பாதி அளவுக்குக் கூடுதல்.

எனக்கு இந்த ஆய்வில் அதைவிட முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. அதே ஆணையத்தின் அதே பதிவேட்டில், பாலியல் வன்கொடுமை, பாலியல் தாக்குதல் ஆகியவை பற்றிய புகார்கள் சிவப்பு மாவட்டங்களில் குறைந்திருந்தன. இணையவழித் தொல்லை பற்றிய புகார்கள் கூடியிருந்தன. பேருந்தும் அலுவலகமும் தெருவும் காலியானபோது அங்கே நடக்கும் குற்றங்கள் குறைந்தன; மக்கள் வீட்டுக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் அடைந்தபோது அந்த இரண்டு இடங்களிலும் குற்றம் கூடியது. புகார் கொடுக்கும் வசதி கூடியதுதான் காரணம் என்றால் எல்லா வகைப் புகாரும் ஒரே திசையில் போயிருக்க வேண்டும். அவை வெவ்வேறு திசையில் பிரிந்து போனதுதான் இங்கே நம்பத் தகுந்த சாட்சி.

ஒரு மறுப்பு எழலாம்: பெருநகரங்கள் பெரும்பாலும் சிவப்பு மாவட்டங்கள், அங்கே பெண்கள் புகார் கொடுப்பதே அதிகம். சரிதான். ஆனால் ஒப்பிடப்படுவது சிவப்பின் அளவும் பச்சையின் அளவும் அல்ல, ஒவ்வொன்றிலும் முன்பிருந்ததிலிருந்து ஏற்பட்ட மாற்றம். எப்போதும் புகார் அதிகமாக வரும் ஊரில் எப்போதும் போலவே வந்திருந்தால் இந்தக் கணக்கில் அது கூடுதலாகத் தெரியாது.

பேருந்து என்று சொன்னதை ஒரு கணம் பிடித்துக்கொள்கிறேன். வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14% பேர் மட்டுமே என்கிறது குடும்பநலக் கணக்கெடுப்பு. 77% பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி கேட்ட அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்குத்தான். காவல் நிலையம்வரை போனவர்கள் மிகச் சிலர். பொருளியல் கட்டுரைகளில் வரும் ‘வெளியேறும் வாய்ப்பு’ கலிபோர்னியாவில் ஒரு வேலையாகவோ வாடகை வீடாகவோ இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் அது அம்மா வீடு. அங்கே போய்ச் சேர ஒரு பேருந்து. அண்ணனோ தம்பியோ வந்து ‘என்ன மச்சான் இதெல்லாம்’ என்று கேட்டுவிட்டுப் போகும் அந்த ஒரு வருகை. நான்கு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் இந்தப் பக்கம் சூடு தணிந்திருக்கும். இதைத் தீர்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருந்த ஒரே வால்வு அதுதான், மாவட்ட எல்லையில் இ-பாஸ் என்ற பயண அனுமதி கேட்ட நாட்களில் அதுவும் அடைபட்டது. சிவப்பு மாவட்டக் கணக்கை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஆய்வாளர்கள் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை.

எண்ணும் சிக்கலுக்குத் திரும்புவோம். இதை நன்றாக விளக்குபவை இரண்டு லண்டன் ஆய்வுகள்.

முதலாவது லண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்தவர்களுடையது. மாநகரக் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை அவர்கள் அலசினார்கள். கூட வாழும் துணையின் வன்முறை பற்றிய அழைப்புகள் சுமார் 8% கூடியிருந்தன, குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களுடையது 17% கூடியிருந்தது. பிரிந்துபோன முன்னாள் துணையுடையது 11% குறைந்திருந்தது. அவன் வந்து கதவைத் தட்ட முடியாதல்லவா. ஆக, யாரோடு அடைபட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து அபாயம் கூடவும் செய்தது, குறையவும் செய்தது. அடுத்து அவர்கள் கேட்ட கேள்விதான் கெட்டிக்காரத்தனமானது: அழைத்தது யார்? கூடுதலாக வந்த அழைப்புகள் முழுக்க மூன்றாம் ஆட்களிடமிருந்து வந்தவை. பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களும் வீட்டில்தானே இருந்தார்கள், சுவர் வழியே கேட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களே அழைத்தது கூடவில்லை. வீடுகள் நெருக்கமாக இருந்த பகுதிகளில்தான் இந்தக் கூடுதல் அதிகம் தெரிந்தது. அப்படியானால் தனித்தனி வீடுகள் உள்ள பகுதிகளில் வன்முறை கூடவில்லையா, அல்லது கேட்கும் தூரத்தில் யாரும் இல்லையா? இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது ஆய்வு காவல்துறையையே விட்டுவிட்டது. டான் ஆண்டர்பெர்க், ஹெல்முட் ரைனர், ஃபாபியன் சியூடா என்ற மூவர், லண்டனில் மக்கள் கூகுளில் என்ன தேடினார்கள் என்று பார்த்தார்கள். வன்முறையில் சிக்கியவர் தேடக்கூடிய சொற்களைத் தொகுத்து, பழைய ஆண்டுகளில் அந்தத் தேடல்களுக்கும் காவல்துறைப் பதிவுகளுக்கும் இருந்த தொடர்பை முதலில் அளந்துகொண்டார்கள். அந்த அளவுகோலை ஊரடங்கு மாதங்களுக்குப் பொருத்தியபோது, உச்சத்தில் சுமார் 40% கூடுதல் தெரிந்தது. காவல்துறைப் பதிவு காட்டியதைவிட இது பல மடங்கு. ஒரே நகரம், ஒரே மாதங்கள். ஒரு கருவி சிறிய ஏற்றம் காட்டுகிறது, இன்னொன்று பெரிய ஏற்றம் காட்டுகிறது.

சிகாகோவில் இன்னும் விசித்திரம். அவசர எண்ணுக்கு வந்த குடும்ப வன்முறை அழைப்புகள் கூடின. அதே காலத்தில் காவல்துறை பதிவுசெய்த வழக்குகளும் கைதுகளும் குறைந்தன. வழக்குப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்த ஓர் அதிகாரி, ஊரடங்கால் வீடுகள் அமைதியாகிவிட்டன என்று நேர்மையாகவே நம்பியிருக்கலாம். மெக்சிகோவிலும் ஊரடங்கின் முதல் மாதங்களில் பதிவான குடும்ப வன்முறைக் குற்றங்கள் சரிந்து, தளர்வுகள் வந்ததும் பழைய நிலைக்கு ஏறின. பெருவில் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளைப் பார்த்த ஹோர்கே அகுவெரோ, 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 48% கூடுதல் என்றார். பெருவில் கூடியது, மெக்சிகோவில் குறைந்தது என்று இதை வாசிக்கக் கூடாது. ஒன்று தொலைபேசிக் கணக்கு, மற்றது வழக்குக் கணக்கு. போன் பண்ணுவதற்கும் காவல் நிலையப் படியேறுவதற்கும் நடுவே உள்ள தூரம் ஊரடங்கில் எவ்வளவு நீண்டது என்பதைத்தான் இந்த வேறுபாடு காட்டுகிறது.

இந்த இடத்தில் ஒரு புகழ்பெற்ற எண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆறு மாதம் ஊரடங்கு நீடித்தால் உலகில் 3 கோடியே 10 லட்சம் கூடுதல் வன்முறைச் சம்பவங்கள் நடக்கும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2020 ஏப்ரலில் அறிவித்தது. அது எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது, இன்றும் காட்டப்படுகிறது. அந்த எண் எப்படி வந்தது? ஊரடங்கில் வன்முறை 20% கூடும் என்று ஒரு தொடக்க அனுமானம் வைத்து, உலகில் வழக்கமாக இருக்கும் வன்முறையின் மதிப்பீட்டோடு அதைப் பெருக்கியதில் வந்தது. அளந்து கண்ட எண் அல்ல. எச்சரிக்கை மணி அடிக்க அது உதவியது, அந்த வேளையில் அதற்குத் தேவையும் இருந்தது. ஆனால் அனுமானமாக உள்ளே போட்டதையே கண்டுபிடிப்பாக வெளியே எடுத்துக் காட்டுவது ஆய்வாகாது.

அமெரிக்காவின் 14 பெருநகரங்களில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளைப் பார்த்த எமிலி லெஸ்லி, ரைலி வில்சன் இருவரும் கண்ட கூடுதல் 7.5%. அழைப்புகள் கூடத் தொடங்கியது அரசு உத்தரவுக்குப் பின் அல்ல, மக்கள் தாமாகவே வீட்டில் தங்கத் தொடங்கிய நாளிலிருந்து. அந்தக் கூடுதலும், அண்மைக் காலத்தில் அப்படிப்பட்ட அழைப்பு வராத வீடுகளிலிருந்து வந்திருந்தது. அதுவரை ஓரளவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த, அல்லது அப்படித் தோன்றிக்கொண்டிருந்த வீடுகள் அவை.

அடைபட்டிருந்ததா காரணம், காசில்லாததா காரணம்? இதைப் பிரிக்க முயன்றது ஸ்பெயின் ஆய்வு. அங்கே பெண்களிடம் நேரடியாக இணையம் வழியே கேட்டார்கள், புகார்ப் பதிவேட்டை நம்பவில்லை. ஊரடங்கில் துணைவரின் வன்முறை சுமார் 23% கூடியிருந்தது. இருவரும் வீட்டிலேயே அடைபட்ட குடும்பங்களிலும் கூடியது, பொருளாதார அடி விழுந்த குடும்பங்களிலும் கூடியது. அதிகமாகக் கூடியதாகத் தோன்றியது எங்கே என்றால், ஏற்கெனவே மனைவிக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்த ஆணின் நிலை மேலும் இறங்கிய வீடுகளில். கோட்பாட்டுச் சண்டையில் அடிபட்ட ஆணின் அகங்காரம் பக்கம் விழுந்த ஓட்டு என்று இதை எடுத்துக்கொள்ளலாம். வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ரூப்கஞ்ச் கிராமங்களில் நடந்த ஆய்விலும், மிதமான அடியையோ வசவையோ அனுபவித்துவந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊரடங்கில் அது கூடியது என்றே சொன்னார்கள்.

மதுவைப் பற்றிக் கேட்காமல் தமிழ் வாசகர் விடமாட்டார். தமிழ்நாட்டு அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் 2020 மார்ச் 25 முதல் மூடியிருந்தன. மே 7 அன்று சென்னை நீங்கலாகத் திறந்தார்கள், மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்ததும் மே 16-இல் மீண்டும் திறந்தன. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை மூடியே இருந்தன. நாட்டின் வேறு பல பகுதிகளிலும் மே முதல் வாரத்தில் கடைகள் திறந்தன. சிவப்பு மாவட்ட ஆய்வு காட்டும் மே மாதக் கூடுதலில் இதற்குப் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். மது தனியாக என்ன செய்கிறது என்பதற்குத் தெளிவான சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே 2020 ஜூலையில் திடீரென்று மது விற்பனையைத் தடை செய்தார்கள். தடை இருந்த ஐந்து வாரங்களில் காயங்களால் இறந்த ஆண்களின் எண்ணிக்கை குறைந்தபட்சம் 14% சரிந்தது, வன்முறைக் குற்றங்களும் குறைந்தன. இந்திய மாநிலங்களின் மதுவிலக்கு வரலாற்றை அலசிய 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும், மதுவிலக்கு இருந்தபோது பெண்கள் மீதான வன்முறை குறைவாக இருந்ததாகக் கண்டது. குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற பழைய வசனத்தை இவை நிரூபிக்கவில்லை. சிகாகோவிலும் லண்டனிலும் கடை திறந்தேதான் இருந்தது, ஸ்பெயினிலும் அப்படியே. ஆனால் கையில் இருக்கும் நெம்புகோல்களில் இது சிறியதல்ல.

ரவீந்திரன், ஷா ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு தமிழ்நாட்டை நேரடியாகத் தொடுகிறது. மனைவியை அடிப்பது நியாயம் என்று எண்ணும் கணவர்கள் அதிகமுள்ள மாவட்டங்களில் ஊரடங்குப் புகார்கள் கூடின. அது நியாயம் என்று எண்ணும் மனைவிகள் அதிகமுள்ள மாவட்டங்களில் புகார்கள் குறைந்தன. முதலாவது வன்முறையின் அளவு, இரண்டாவது வாய் திறப்பதன் அளவு என்று கொள்வதுதான் பொருத்தம். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பெண்களுக்கும் மேல், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் அடிப்பது சரியே என்றார்கள். சமையல் சரியில்லை, மாமனார் மாமியாருக்கு மரியாதை தரவில்லை என்பன போன்ற காரணங்கள். கணவனின் வன்முறையை அனுபவித்த பெண்கள் இங்கே 38%, நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். பெண்கள் அதிகம் படித்த, அதிகம் வேலைக்குப் போகும் மாநிலம் இது. கல்வியும் கூலியும் தாமாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பும் பொருளியலாளருக்கு இந்த எண் நல்ல தலைவலி.

சரி, அடுத்த நோய் வரும்போது என்ன செய்யலாம்? காசு கொடுத்தால் போதுமா? வங்கதேசக் கிராமங்களில் ஷாலினி ராய் குழுவினர் இதைச் சோதித்தார்கள். சில ஊர்களில் தாய்மார்களுக்கு உணவோ பணமோ மட்டும் கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில் அதோடு, குழந்தை வளர்ப்பு, ஊட்டச்சத்து பற்றி வாரந்தோறும் பெண்களைக் கூட்டிப் பேசினார்கள்; மாமியார்களையும் சேர்த்துக்கொண்டார்கள். திட்டம் முடிந்து ஆறு முதல் பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது, வெறும் பணம் வாங்கிய ஊர்களில் வித்தியாசம் எதுவும் மிஞ்சவில்லை. கூட்டமும் நடந்த ஊர்களில் உடல்ரீதியான வன்முறை 26% குறைவாக இருந்தது. அந்தக் கூட்டங்களில் அடி உதை பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஊர்ப் பெண்கள் இவளைப் பார்க்கிறார்கள், முகத்தில் காயம் இருந்தால் கண்ணில் படும். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நோய்க்காலத்திலேயே நடந்த சான்று சியரா லியோனில் கிடைத்தது, அதுவும் தற்செயலாக. பிராக் என்ற தொண்டு நிறுவனம் அங்கே 200 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றில் ஒரு பகுதியில் மட்டும் இளம்பெண்களுக்கான மன்றங்களை ஆய்வு முறையில் அமைக்கத் திட்டமிட்டு, 2014 தொடக்கத்தில் முதல் கணக்கெடுப்பை முடித்திருந்தது. அப்போது எபோலா வந்தது. பள்ளிகள் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு முழுக்க மூடிக்கிடந்தன. ஓரியானா பண்டியேராவும் இம்ரான் ரசூலும் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2016-இல் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். எபோலா கடுமையாகத் தாக்கிய, மன்றம் இல்லாத ஊர்களில் இளம்பெண்கள் ஆண்களோடு கழித்த நேரம் கூடியிருந்தது. திருமணத்துக்கு வெளியே கருவுறுவது 7 சதவீதப் புள்ளிகள் ஏறியிருந்தது. பள்ளிக்குத் திரும்பாதவர்கள் 16 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தார்கள். இவை அத்தனையும் வன்முறை அல்ல, ஆனால் எத்தனை உறவு இஷ்டப்பட்டு நடந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மன்றம் இருந்த ஊர்களில் கருவுறுதலில் அந்த ஏற்றம் இல்லவே இல்லை. பள்ளியை விட்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மன்றத்தில் சில பயிற்சிகளும் நடந்தன, ஆனால் அதன் அடிப்படை ஆண்கள் வராத ஒரு கூடம்தான்.

ஸ்பெயினில் கனாரித் தீவுகளில் தொடங்கிய ஏற்பாடும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஊரடங்கிலும் மருந்துக்கடைக்குப் போகத் தடையில்லை என்பதால், அங்கே போய் ‘முகக்கவசம் 19’ என்று கேட்டால் கடைக்காரர் காவல்துறையை அழைப்பார். அத்தியாவசியக் கடைகளின் பட்டியலில் இருந்த ஒன்றை வெளியேறும் வழியாக மாற்றிய யோசனை அது. நம்மூரில் அந்தப் பட்டியலில் ரேஷன் கடை இருந்தது.

ஆணையத்தின் பதிவேடு பிறகு என்ன காட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கு தளர்ந்தபின் புகார்கள் பழைய நிலைக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2021-இல் வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 6,633. 2020-ஐ விடவும் அதிகம். வேலையும் சேமிப்பும் போன வீடுகளில் நெருக்கடி பேருந்து ஓடத் தொடங்கியதும் தீர்ந்துவிடவில்லை என்று ஒருவர் இதை வாசிக்கலாம். புகார் கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பெண்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று இன்னொருவர் வாசிக்கலாம். அந்த ஆண்டு மாவட்டங்களுக்கு நிறம் பூசிப் பிரிக்கவில்லை, ஆகவே ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் அப்படியொரு பிரிவினை கைவசம் இல்லை.